சர்வகலாசாலைகளும் வெளிநாட்டு மாணவர்களும்

இந்திய சர்வகலாசாலைகளுக்கு வெளிநாட்டு மாணவர்கள் ஏராளமாக வந்து சேரவேண்டுமென்று சர்க்காரும், கல்வி அதிகாரிகளும் சில வருஷங்களாக மிகவும் ஆசைப்பட்டு வருகின்றார்கள். இதற்காக 2018-ம் வருஷத்தில் ‘இந்தியாவில் படியுங்கள்’ என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. 2020-ம் வருஷத்து தேசியக் கல்விக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியா மறுபடியும் ‘விஸ்வகுரு’ ஸ்தானத்தை அடையவேண்டுமென்றும், வெளிநாட்டு மாணவர் படிக்கும் ஒவ்வொரு கல்வி ஸ்தாபனத்திலும் அவர்களை வரவேற்று உதவி செய்ய ஒரு காரியாலயம் இருக்கவேண்டுமென்றும் சொல்லிற்று. 2021-ல் யு.ஜி.சி.யும் இதற்கு வழிமுறைகள் எழுதி எல்லா ஸ்தாபனங்களுக்கும் அனுப்பிற்று.

இவ்வளவு ஆர்ப்பாட்டத்தின் பலன் என்னவென்று பார்ப்போமானால், 2019-20-ல் இந்நாட்டில் படித்த வெளிநாட்டு மாணவர் 49,348 பேர். 2021-22-ல் 46,878 பேர். நடுவில் கொரோனா வந்தது உண்மைதான். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் இதே நாட்டிலிருந்து வெளிநாடு சென்று படிப்பவர்கள் 2024-ல் 13 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். குருவின் பிள்ளைகளெல்லாம் அடுத்த வீட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட, குரு மாத்திரம் திண்ணையில் உட்கார்ந்து கொண்டு “நான் லோகத்துக்கே குரு” என்று சொல்லிக் கொண்டிருந்தால் பார்க்கிறவன் சிரிக்கமாட்டானா என்று கேட்கின்றோம்.

நிற்க, வந்த பிள்ளைகளுக்கு இங்கு என்ன குறை, என்ன செய்தால் அவர்கள் மனம் ஒப்பிப் படிப்பார்கள் என்பதை யாரிடம் கேட்டு அறிவது? கமிட்டிகள் கூடுகின்றன. கூடுகிறவர்கள் யார்? ரிஜிஸ்திரார், பேராசிரியர், ஹாஸ்டல் அதிகாரி முதலியவர்கள். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவனை ஒரு வார்த்தை கேட்காமல், சமையல்காரனையே கூப்பிட்டு “சாப்பாடு எப்படி?” என்று கேட்டு, “வெகு ருசி” என்று அவன் சொன்னதை எழுதிக்கொள்ளுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? வந்த மாணவனே சொல்லவேண்டும், சர்வகலாசாலை கேட்கவேண்டும், கேட்டதற்குப் பதில் சொல்லவேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் காரியாலயத்துக்கு வர்ணம் பூசுவதிலும், கொடிகள் கட்டி விழா எடுப்பதிலும் ஒரு பிரயோசனமும் இல்லை என்பதே நமது அபிப்பிராயமாகும்.

“மாணவன் சர்வகலாசாலைக்குப் புத்தி சொல்லுவதா?” என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குச் சரித்திரத்தையே சாட்சியாகக் காட்டுகின்றோம். ஐரோப்பாவின் மிகப் பழைய சர்வகலாசாலை இத்தாலி தேசத்துப் பொலோனா நகரத்தில் உள்ளது. அது தோன்றிய வருஷம் 1088 என்பது வழக்கம். அதை உண்டாக்கியவன் அரசனுமல்ல, பாதிரியுமல்ல. பல தேசங்களிலிருந்து சட்டம் படிக்க அங்கு வந்து சேர்ந்த மாணவர்களே ஆவார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நகரத்தின் சட்டமே பாதுகாப்பாயிருந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கோ ஒரு உரிமையும் இல்லை. ஒருவன் பட்ட கடனுக்கு அவன் தேசத்தான் என்ற காரணத்துக்காக வேறொருவனைப் பிடித்து வாங்குவதுகூட அக்காலத்து வழக்கம். வீட்டுக்காரர்கள் வாடகையை இஷ்டம்போல் ஏற்றினார்கள். ஆகவே வெளிநாட்டு மாணவர்கள் ஒன்று கூடிச் சங்கம் வைத்தார்கள். தலைவனைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் பாடத்துக்குப் பிந்தி வந்தால் அபராதம் போட்டார்கள். வாடகையை ஊராரும் மாணவரும் சேர்ந்து நிர்ணயிக்கும்படி செய்தார்கள். ‘யூனிவர்சிட்டி’ என்னும் சொல்லுக்கு மூலமான லத்தீன் வார்த்தைக்குச் சங்கம், கூட்டு என்பதுதான் அர்த்தமே ஒழிய, கோபுரம் வைத்த கட்டிடம் என்று அர்த்தமில்லை. வெளிநாட்டு மாணவன் தன் குறையைச் சொல்லச் சங்கம் கூடியதிலிருந்தே அந்தச் சர்வகலாசாலை பிறந்திருக்க, இன்று அவன் வாயைத் திறப்பதே அதிகப்பிரசங்கித்தனம் என்பது எவ்வளவு வேடிக்கை!

“அதெல்லாம் மேல்நாட்டுக் கதை, நமக்கு நாளந்தா இருக்கிறது” என்பார் சிலர். நல்லது, நாளந்தாவையே எடுத்துக்கொள்ளுவோம். ஏழாவது நூற்றாண்டில் சீன தேசத்து யுவான் சுவாங் அங்கு வந்து படித்தார். அவர் எழுதி வைத்துப் போனதைக் கொண்டுதானே இன்று நாளந்தாவின் பெருமையைப் பேசுகின்றார்கள்? ஒரு வெளிநாட்டு மாணவனின் எழுத்தே பெருமைக்கு ஆதாரமாயிருக்கும்போது, இன்று வந்திருக்கும் வெளிநாட்டு மாணவன் என்ன எழுதிக்கொண்டு ஊர் திரும்புகிறான் என்பதில் மாத்திரம் நமக்கு அக்கரை வேண்டாமா?

அவன் என்ன எழுதுவான் என்பதற்குச் சில உதாரணங்கள் போதும். 2017 மார்ச்சில் டில்லிக்கு அடுத்த கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களைக் கும்பல் அடித்தது. 2024 மார்ச்சு 16-ந் தேதி இரவு, அகமதாபாத்தில் குஜராத் சர்வகலாசாலை ஹாஸ்டலில் தொழுகை நடத்திக் கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களைக் கும்பல் உள்ளே புகுந்து தாக்கிற்று. அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்களில் ஒருவர் நமக்கு அடுத்த இலங்கையைச் சேர்ந்தவர். இதற்குப் பிறகு சர்வகலாசாலைத் தலைமை சொன்ன முக்கியமான யோசனை என்னவென்றால், வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்நாட்டுக் கலாசாரத்தைப் பற்றிப் போதனை வேண்டும் என்பதாகும். அடித்தவனுக்குப் போதனை வேண்டுமா, அடிபட்டவனுக்கா என்பதைச் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். அடிபட்டவர்களைக் கூட்டி வைத்து, “உங்களுக்கு என்ன வேண்டும்?” என்று முதலில் கேட்டிருந்தால் இப்படிப்பட்ட யோசனை தோன்றியிருக்குமா?

மற்றொன்று பாருங்கள். 2025 பிப்ரவரியில் ஒரிசாவில் புவனேசுவரத்து தனியார் சர்வகலாசாலை ஒன்றில் ஒரு நேபாள மாணவி ஹாஸ்டலில் இறந்து போனார். தமக்கு ஒருவனால் தொல்லை என்று அவர் முன்பே சர்வகலாசாலையிடம் முறையிட்டிருந்தார். நியாயம் கேட்டுக் கூடிய நேபாள மாணவர்களை மறுநாளே ஹாஸ்டலைவிட்டு வெளியேறச் சொல்லிப் பஸ்ஸில் ஏற்றிக் கட்டாக் ரயில் நிலையத்தில் இறக்கி விட்டார்கள். நேபாளப் பிரதமர்வரை பேசியபின்தான் மன்னிப்பும், ‘திரும்பி வாருங்கள்’ என்னும் அழைப்பும் வந்தன. இங்கு காரியாலயம் இல்லாமல் இல்லை. அதிகாரிகளும் இல்லாமல் இல்லை. கேட்கும் காதுதான் இல்லை. கேட்காத காதுக்கு ஒரு உயிர் விலையாயிற்று.

நம் சென்னைப் பட்டணம் யோக்கியமானது என்று தமிழர்கள் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யில் ஒரு சாப்பாட்டு விடுதியில், மரக்கறி உண்பவருக்கு ஒரு வாசல், மாமிசம் உண்பவருக்கு வேறு வாசல், கை கழுவும் தொட்டிகூட வேறு என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. மாணவர் எதிர்ப்புக்குப் பின்பு அது எடுக்கப்பட்டது. 2019 டிசம்பரில் அதே இடத்தில் படித்த ஒரு ஜெர்மானிய மாணவர், குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிரான கூட்டத்தில் தம் தேசம் ஹிட்லரிடம் பட்டதை நினைவூட்டும் அட்டையைப் பிடித்ததற்காக, படிப்பை முடிக்குமுன்பே நாட்டை விட்டுப் போகும்படி அதிகாரிகளால் சொல்லப்பட்டு அந்த மாதமே போய்விட்டார். இப்படி ஒருவரை ஓட்டிவிட்டு மற்றவரிடம் போய், “உங்கள் யோசனைகளைத் தாராளமாகச் சொல்லுங்கள்” என்றால் எவன் சொல்லுவான்? பயமிருக்கும் இடத்தில் யோசனை பிறக்காது, முகஸ்துதிதான் பிறக்கும்.

மாணவன் சொல்லும் ஒரு சொல்லுக்கு எவ்வளவு சக்தி உண்டு என்பது நமது வாசகர்களுக்குப் புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தியும் தனித் தண்ணீரும் வைத்திருந்த சங்கதி வெளிவந்ததெல்லாம், அங்கு படித்த ஒரு சிறுவன் தன் வீட்டில் வந்து சொன்னதனால்தான். நிர்வாகிகள் அறிக்கை விட்டா அது வெளிவந்தது? இல்லவே இல்லை. அந்தப் பிள்ளை சொன்னதிலிருந்து 1925-க்குள் தமிழ்நாட்டு அரசியலே கிடுகிடுத்தது. ஆகவே மாணவன் புகாரைச் சிறிய விஷயமென்று தள்ளுகிறவர்கள் வரும் ஆபத்தையும் அறியாதவர்கள், வரும் நன்மையையும் அறியாதவர்கள் என்று சொல்லுவோம்.

இனி, இந்த விஷயத்தில் வடசென்னையில் உள்ள நமக்கு என்ன சம்பந்தம் என்று ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்த் தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் நிறைய உண்டு. வெளிநாட்டுச் சரக்கை இறக்கியே வாழ்ந்த ஊர் இது. சீமையிலிருந்து வந்த யந்திரத்தையும், பர்மாவிலிருந்து வந்த அரிசியையும் இந்த ஊர்த் தொழிலாளி தோள் கொடுத்து இறக்கினான். சரக்கை இறக்கத் தெரிந்த நமக்கு, ஆளை வரவேற்கத் தெரிய வேண்டாமா?

அன்றியும், வெளிநாட்டு மாணவன் படும் அவமானம் எதுவும் நமக்குத் தெரியாத அவமானமல்ல. ஆப்பிரிக்க மாணவன் வீடு தேடிப் போனால் நிறத்தைப் பார்த்துக் கதவு சாத்தப்படுகிறது. காசிமேட்டுப் பையன் தெற்கே வீடு தேடிப் போனால் “எந்த ஏரியா?” என்று கேட்டுவிட்டு, “ஆள் வந்துவிட்டது” என்று பொய் சொல்லப்படுகிறது. ஆப்கானிய மாணவனிடம் “மாமிசம் சமைப்பீர்களா?” என்று கேட்கிறார்கள். ஆதி திராவிடரிடமும், முஸ்லிமிடமும் இதே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். ‘சைவர்களுக்கு மாத்திரம்’ என்னும் பலகை ஆளுக்குத் தகுந்தபடி அர்த்தம் மாறும் பலகையாகும். வந்தவன் சொல்லும் குறை அவன் குறையல்ல. நமது வியாதியின் அடையாளமேயாகும். கூட இருந்து பழகிப்போன நமக்கு நாற்றம் தெரிவதில்லை; புதிதாக உள்ளே வந்தவனுக்கு உடனே தெரிகிறது. அவன் மூக்கைப் பொத்தினால் அவன்மீது கோபிப்பதா, வீட்டைக் கழுவுவதா?

இதைவிட நெருங்கிய விஷயம் ஒன்றிருக்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்படும் ரயில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் வழியாகத்தான் பட்டணத்துக்கு வருகிறது. கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது; புழல் காவாங்கரையிலும் இருக்கிறது. 1983-ம் வருஷத்துக் கலவரத்துக்குப் பின் ஓடிவந்தவர்களின் பிள்ளைகளும் பேரப் பிள்ளைகளும் அந்த முகாம்களில் பிறந்து, நம் பள்ளிக்கூடங்களில் நம் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள். ஆனால் 1987 ஜூலை 1-ந் தேதிக்குப் பின் இங்கு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடியாக இருந்தாலன்றிப் பிறப்பினால் குடியுரிமை இல்லை என்பது சட்டம். 2019-ம் வருஷத்துத் திருத்தச் சட்டமும் இலங்கையிலிருந்து வந்தவர்களை விட்டுவிட்டது. ஆகவே கடலைத் தாண்டியறியாத, இலங்கையைக் கண்ணாலும் கண்டிராத, நம் பாஷையையே பேசும் ஒரு பெண் காலேஜ் வாசலில் வந்து நிற்கும்போது ‘அந்நியர்’ ஆகிவிடுகிறாள். இதைக் காட்டிலும் பகுத்தறிவுக்கு விரோதமான சங்கதி வேறென்ன இருக்க முடியும்?

தமிழ்நாடு சர்க்கார் 2021-ல் இந்த முகாம் மாணவர்களுக்குக் கல்வி உதவிகளை அதிகப்படுத்தியதையும், முகாம்களுக்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் வைத்ததையும் நாம் பாராட்டுகின்றோம். ஆனால் பெயர் மாறினால் போதாது. விமானத்தில் வந்து அதிகச் சம்பளம் கட்டும் மாணவனைத்தான் ‘வெளிநாட்டு மாணவன்’ என்று கருதிப் பூச்செண்டு கொடுத்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டு வரும் வெளிநாட்டு மாணவியை யாரும் எதுவும் கேட்பதில்லை என்றால், அந்த வரவேற்பு பணத்துக்கா, மனிதனுக்கா? வெளிநாட்டு மாணவர் கமிட்டி ஒன்று சென்னையில் அமையுமானால் அதில் முதல் நாற்காலி அந்தப் பெண்ணுக்குப் போடப்பட வேண்டும்.

இப்போது சட்டம் என்ன இடம் கொடுக்கிறது என்று பார்ப்போம். 2023-ம் வருஷத்து யு.ஜி.சி. விதிப்படி மாணவர் குறைகளைக் கேட்க ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் கமிட்டி உண்டு. ஒரு பேராசிரியர் தலைவர். நான்கு பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள் அங்கத்தினர்கள். மாணவர் ஒருவரும் உண்டு. ஆனால் அவர் அங்கத்தினர் அல்ல, ‘விசேஷ அழைப்பாளர்’. அவரையும் மாணவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை. படிப்பு, விளையாட்டு முதலியவற்றில் கெட்டிக்காரர் என்பதை வைத்து நியமிக்கிறார்கள். அதிக மார்க்கு வாங்கியவனுக்கு அதிகக் குறை தெரியும் என்பது எந்த நியாயம்? குறைப்பட்டவர் சபையில் குறைப்பட்டவன் விருந்தாளி, மற்றவர்கள் வீட்டுக்காரர்கள்! மாணவன் ஒப்புக்கு அழைக்கப்படுவது வேறு, உரிமையோடு உட்காருவது வேறு என்பதை நமது இயக்கத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை.

மற்ற தேசங்களில் செய்து பார்க்கவில்லையா என்றால் பார்த்திருக்கிறார்கள். 1918-ல் அர்ஜென்டைனா தேசத்துக் கோர்தோபாவில் மாணவர்கள் கிளர்ச்சி செய்து, சர்வகலாசாலை நிர்வாகத்தில் மாணவருக்கும் பங்கு உண்டென்று ஸ்தாபித்தார்கள்; அது தென் அமெரிக்கா முழுவதும் பரவிற்று. நமக்குச் சமீபமான உதாரணம் ஆஸ்திரேலியா. 2009-ல் மெல்போர்னில் இந்திய மாணவர்கள் தாக்கப்பட்டபோது நம் பிள்ளைகள் அந்நகர வீதியில் உட்கார்ந்து நியாயம் கேட்டார்கள். இங்கே பத்திரிகைகளெல்லாம் “அந்நிய மண்ணில் நம் பிள்ளைகளுக்கு அநியாயம்” என்று அலறின, அலறியது நியாயமே. அவ்வருஷம் செப்டம்பரில் ஆஸ்திரேலிய சர்க்கார் வெளிநாட்டு மாணவர் பிரதிநிதிகளைக் காண்பெராவுக்கு அழைத்து வைத்து அவர்கள் சொன்னதைக் கேட்டது. 2010-ல் அங்குள்ள வெளிநாட்டு மாணவர்களுக்கென்று தேசிய சபை ஒன்றும் ஏற்பட்டது. அதனால் அங்கு எல்லாம் சொர்க்கமாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளை அங்கே விருந்தாளியாயிருக்கும்போது எதைக் கேட்டோமோ, அதை இங்கே வந்திருக்கும் பிறர் பிள்ளைக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கின்றோம் என்றுதான் சொல்லுகின்றோம். மெல்போர்னுக்கு ஒரு நியாயம், அகமதாபாத்துக்கு ஒரு நியாயம் என்று வைத்துக்கொள்ளுவது மனுதர்மமே தவிர மனித தர்மம் ஆகாது.

ஆகவே சென்னையிலுள்ள சர்வகலாசாலைகளும், அவற்றோடு சேர்ந்த காலேஜுகளும் உடனே செய்யக்கூடிய சில காரியங்களை வெளிப்படையாகச் சொல்லுகின்றோம்.

1. வெளிநாட்டு மாணவர் விஷயங்களைக் கவனிக்கும் கமிட்டியில் பாதிப்பேர் அம்மாணவர்களே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்கவேண்டும். முகாம் மாணவர்களுக்கும், பெண்களுக்கும் அதில் இடம் நிச்சயிக்கப்பட வேண்டும். உள்ளூர் மாணவர் சிலரும் கூட இருக்கட்டும். அப்போதுதான் இரு திறத்தாருக்கும் வியாதி ஒன்றே என்பது விளங்கும்.

2. அவர்கள் சொல்லும் ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் பதில் கொடுத்து, அதை எல்லோரும் பார்க்கும்படி ஒட்டவேண்டும். ஒப்புக்கொள்ள முடியாததானால் ஏன் முடியாது என்று எழுதட்டும். மூட்டை கட்டி அலமாரியில் வைப்பதற்கு யோசனை எதற்கு?

3. ஆறு மாதத்துக்கு மேல் தங்கிப் படிக்க விசாவில் வரும் மாணவர், வந்த 14 நாளைக்குள் அந்நியர் பதிவு அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளவேண்டும். அதற்கு வீட்டு விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். வீடு கிடைக்காதவனுக்கு அத்தாட்சி ஏது? ஆகையால் வீடு பார்த்துக் கொடுப்பதையும், வீட்டுக்காரருக்கு ஜாமீன் நிற்பதையும் சர்வகலாசாலையே ஏற்றுக்கொள்ளவேண்டும்.

4. சாப்பாட்டு விடுதியில் வாசலையோ, தண்ணீர்த் தொட்டியையோ, பந்தியையோ பிரிக்கக் கூடாது. அவரவர் விரும்பியதை உண்ணட்டும்; ஒன்றாக உட்கார்ந்து உண்ணட்டும்.

5. குறை சொன்னதற்காகவோ, தன் அபிப்பிராயத்தைச் சொன்னதற்காகவோ எந்த மாணவனுடைய படிப்புக்கும் ஹாஸ்டலுக்கும் பங்கம் வராது என்று சர்வகலாசாலை எழுத்து மூலம் உறுதி கொடுக்கவேண்டும். விசா சர்க்காரின் கையில் இருக்கலாம். ஆனால் தன் மாணவனுக்காகச் சர்க்காரிடம் வாதாடும் வாய் சர்வகலாசாலைக்கு இருக்கவேண்டும்.

இவற்றில் ஒன்றாவது அதிகப் பணம் பிடிக்கக்கூடியதா? இல்லை. பிடிப்பதெல்லாம் கொஞ்சம் கௌரவத்தை விட்டுக் கொடுப்பதுதான். “நாங்கள் சொல்லுவோம், நீங்கள் கேளுங்கள்” என்று உயரத்தில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கும். அறிவு என்பது மேலிருந்து கீழே மாத்திரம் ஒழுகும் தண்ணீர் என்னும் எண்ணம் குருகுலத்துப் பழக்கம். கேள்வி கேட்பவனும் பதில் சொல்பவனும் சமமாக உட்காருவதே கல்வி.

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வகலாசாலை செய்யவேண்டியதை அவர்கள் செய்யட்டும். நாம் செய்யவேண்டியதை நாம் செய்வோம். ராயபுரத்திலோ, தண்டையார்பேட்டையிலோ, திருவொற்றியூரிலோ உங்களிடம் ஒரு அறை காலியிருந்து, ஒரு சூடான் தேசத்து மாணவனோ, ஒரு முகாம் பையனோ வந்து கேட்டால், நிறத்தையும், ஜாதியையும், சாப்பாட்டையும் கேட்காதீர்கள். வாடகையை மாத்திரம் கேளுங்கள். அதுவும் நியாயமான வாடகையாக இருக்கட்டும். டீக்கடையில் அவன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் தலைமயிரைப் பார்த்துச் சிரிக்கும் பையனை அங்கேயே அதட்டுங்கள். உங்கள் மகன் சிங்கப்பூரிலோ, துபாயிலோ, கப்பலிலோ அந்நியனாக நிற்கும்போது அவனுக்கு யார் எப்படி நடந்துகொள்ள வேண்டுமென்று ஆசைப்படுகிறீர்களோ, அப்படியே நடந்துகொள்ளுங்கள்.

வந்த பிள்ளை என்ன சொல்லுகிறான் என்று கேட்கத் தெரியாத நாட்டுக்கு ‘விஸ்வகுரு’ பட்டம் எதற்கு? முதலில் நல்ல மாணவனாக இருந்து, வந்தவனிடம் பாடம் கேட்கட்டும். பட்டத்தைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.